இயக்குநர் சொன்னபடி

"கையை மூடாதீங்க! சொன்னாக் கேளுங்க, கையை மட்டும் மூடாதீங்க!"

தங்கை போட்ட சத்தத்தில், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி ஊழியர் அதை அப்படியே விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். பாவம், நூறு வீடுகளில் நூறு பேரைப் போர்த்திவிட்டு வந்த மனிதர். அழுகையைக் கேட்டிருக்கிறார், சண்டையைக் கேட்டிருக்கிறார். இப்படி ஓர் உத்தரவை எங்கும் கேட்டதில்லை. தங்கை அவரை ஒதுக்கிவிட்டுக் கட்டிலருகே வந்தாள். அண்ணனின் இரண்டு கைகளையும் வெளியே எடுத்துப் போர்வையின் மேல் அருகருகே வைத்தாள். நகைக்கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் வளையலை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நின்று பார்ப்பாரே, அப்படி வாசல்வரை போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திரும்பி வந்து வலது கையை இடது கையின் மேல் மாற்றி வைத்தாள்.

"வாசல்ல இருந்து பார்த்தா விரல் தெரியுதா, அண்ணி?"

"தெரியுது, தெரியுது," என்றாள் அண்ணி, ஜன்னலோர நாற்காலியில் இருந்தபடி. அன்று காலை ஐந்து மணிக்குத்தான் அவள் கணவர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியிருந்தார். ஆனாலும் நாத்தனாருக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. "எழுபது வருஷம் உன்கிட்ட பட்டது போதாதா அந்த மனுஷனுக்கு? இப்பவாவது நிம்மதியா படுக்க விடேன்."

"பன்னெண்டு மணிக்கு வண்டி வந்துரும். அதுக்குள்ள எல்லாரும் பார்க்கணும். இது யார் கைன்னு தெரிஞ்சுட்டுப் போகணும்."

அன்றைக்கு அவளுக்கிருந்த ஒரே கவலை அதுதான். அழுவதை மாலைக்கு ஒத்திவைத்திருந்தாள்.

அந்தக் கைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் அண்ணனுக்குச் 'சொட்டு' என்று பெயர். கண்ணாடிக் குழாயில் மருந்தை உறிஞ்சி, விரல் நுனியால் அடைத்து, சொட்டுச் சொட்டாக விடுவது அவர் வேலை. பதினொரு சொட்டு என்றால் பதினொரு சொட்டு. ஒரு சொட்டைப்போல் அடுத்தது இருக்கும். இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட அத்தனை ஒற்றுமை கிடையாது. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் சொட்டு, இடி முடிந்த பிறகுதான் விழும் என்பார்கள். என்பார்கள் என்ன, தங்கைதான் சொல்வாள்.

தங்கை சொல்வதில் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துத்தான் கேட்க வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஒரு முனையில் வாங்கிய சேதியை மறுமுனையில் கொடுக்கும்போது அது ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். அண்ணன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "எக்ஸ்சேஞ்ச், வாயை மூடு, லைன் பிஸி" என்பார்.

அந்தக் கைகள் சினிமாவில் நடித்தன. இதில் தள்ளுபடி வேண்டாம். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் 'ஏழாம் எண்' என்று ஒரு படம் வந்தது. காய்ச்சலுக்கு மருந்து கண்டுபிடிக்கும் ஒரு விஞ்ஞானி, பெயருக்கு ஆசைப்பட்டு ஓர் எண்ணை மறைக்கிறான். புகழ் வருகிறது, மனிதர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். கதாநாயகனாக நடித்தவர் பெரிய நடிகர். கண்ணீரை வலது கண்ணில் மட்டும் வரவழைப்பார். ஆனால் கையில் கண்ணாடிக் குழாயைக் கொடுத்தால் நடுங்கினார். ஒரே நாளில் பதினாறு குழாய்களை உடைத்தார். ஆராய்ச்சி நிலையத்துக்குப் பாட்டில்களை இரவல் கேட்டு வந்த படக் குழு, அங்கே சொட்டுவின் கைகளைப் பார்த்தது. அப்புறம் படம் முழுக்க முகம் நடிகருடையது, கை இவருடையது.

அருமையான படம். ஆறு நாள் ஓடியது. ஆறாம் நாள் அரங்கில் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் இந்தக் குடும்பம், ஒருவர் மின்விசிறி பழுது பார்க்க வந்தவர், ஒருவர் தூங்கினார். பாட்டு இல்லை, சண்டை இல்லை, கடைசியில் யாரும் யாரோடும் சேரவும் இல்லை. ஜனங்கள் என்னதான் செய்வார்கள்? அரங்கைவிட்டுப் போன பிறகுதான் அது உண்மையில் ஓட ஆரம்பித்தது, தங்கையின் வாயில். முதல் வருஷம் இருபத்தைந்து நாள் என்றாள். அண்ணன் மகள் பல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தபோது ஐம்பது. சொட்டு ஓய்வு பெற்ற அன்று நூறாவது நாளைத் தாண்டியது.

ஒரே ஒரு முள் இருந்தது. கீழ் வீட்டில் ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷம் ரயிலில் ஒவ்வொரு மனிதனையும் சந்தேகப்பட்டே சம்பாதித்தவர், பெற்ற பிள்ளை "அப்பா" என்றால்கூட "ஆதாரம்?" என்று கேட்கக்கூடியவர். இருபது வருஷமாக மாடிப்படியில் தங்கையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான்.

"ஏம்மா, படத்துல பேர் போட்டாங்களா?"

போடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தவர் பெயர் வந்தது, குடை பிடித்தவர் பெயர் வந்தது, குடை கொடுத்தவருக்கு நன்றிகூட வந்தது. கைக்குப் பெயர் வரவில்லை. அண்ணனைக் கேட்டால் அவரும் சிரிப்பாரே தவிர, ஆம் இல்லை சொல்ல மாட்டார். நான்கு நாள் முன்னால் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு படுத்திருந்தவரிடம் அவள் கடைசித் தடவையாகப் புலம்பினாள்.

"ஒரு இடத்துலயாவது உன் பேரைப் போட்டிருக்கலாம்ண்ணா."

"போட்டிருக்கே."

"எங்க?"

"பார்க்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்," என்று கண்ணைச் சிமிட்டினார். அதற்குள் நர்ஸ் வந்து அவளை வெளியே அனுப்பிவிட்டாள். அப்புறம் அவர் முழு வாக்கியம் எதுவும் பேசவில்லை.

ஒன்பதரை மணிக்கு மகளின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்து, "அம்மா, அப்பாவோட டைரக்டர் வர்றாராம். பதினோரு மணிக்கு," என்றாள்.

தங்கையின் கையிலிருந்த டீ டம்ளர் நடுவானில் நின்றது.

"யாரு? டைரக்டரா? நிஜமாவா?"

"ஆமா அத்தை. ரொம்ப வயசாயிடுச்சாம். யாரோ கூட்டிட்டு வர்றாங்களாம்."

அவ்வளவுதான். அடுத்த பத்து நிமிஷத்தில் மூன்று மாடிக்கும் சேதி போய்விட்டது. போன் எதுவும் தேவைப்படவில்லை. படத்தின் டைரக்டர் வருகிறார். இருபத்தொன்பது வருஷம் கழித்து, நடக்க முடியாத நிலையிலும், அந்தக் கைகளைக் கடைசியாகப் பார்க்க வருகிறார். இரண்டாம் மாடியைக் கடக்கும்போது அவர் வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்று ஆயிற்று. தரைத்தளத்தை அடைந்தபோது விமானம் தாமதமாகியிருந்தது.

டிக்கெட் பரிசோதகர் வேறு சட்டை மாற்றிக்கொண்டு, பையில் பேனாவும் செருகிக்கொண்டு மேலே வந்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பூதக்கண்ணாடியும் இருந்தது. ஓய்வு பெற்றும் அதை அவர் விடவில்லை.

"வரட்டும். நேரா அவரையே கேட்டுடறேன்," என்றார்.

"கேளுங்க சார், நல்லாக் கேளுங்க. இன்னிக்கு உங்க வாயாலயே ஒத்துக்க வைக்கிறேன்," என்றாள் தங்கை.

"பக்கத்துல பிணத்தை வச்சுக்கிட்டுப் பந்தயமா கட்டுறீங்க?" என்றாள் அண்ணி.

"பிணம்னு சொல்லாதீங்க அண்ணி. இன்னிக்கு அவர்தான் ஹீரோ."

மகளிடம் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. பழைய படங்களைச் சேர்த்து வைக்கும் ஒரு காப்பகத்துக்கு எழுதி எழுதி, அப்பாவின் பிறந்த நாளுக்காக அந்தப் படத்தின் பிரதியை வாங்கியிருந்தாள். கொடுப்பதற்கு முன்னால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். டைரக்டர் வரும்போது அதை டிவியில் போட வேண்டும் என்று தங்கை ஒற்றைக் காலில் நின்றாள்.

"இந்த வீட்ல இன்னிக்கு டிவி போட மாட்டேன்," என்று அண்ணி முடித்துவிட்டாள். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பதினொன்று அடித்து ஐந்து நிமிஷத்தில் மாடிப்படியில் டக், டக் என்று ஒரு சத்தம் ஏறி வந்தது. நான்கு கால் வாக்கரை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்து, கார் ஓட்டுநர் முதுகைத் தாங்க, ஒரு கிழவர் வந்து சேர்ந்தார். எண்பத்தெட்டு வயது. சட்டையின் மடிப்பு காய்கறி நறுக்கும் அளவுக்குக் கூர்மையாக இருந்தது. தங்கை எதிரே ஓடினாள்.

"வாங்க சார், வாங்க! உங்க படத்தை நாங்க மறக்கவே இல்ல சார். நூறு நாளு! அந்த மாதிரி ஒரு படம் இனிமே யார் எடுக்கப் போறாங்க!"

கிழவர் அவளைப் பார்த்தார். ஓட்டுநரைப் பார்த்தார். "எந்தப் படம்?" என்றார்.

"அத்தை!" என்று மகள் அவள் காதோரம் வந்தாள். "இவர் ஆராய்ச்சி நிலையத்து டைரக்டர். அப்பாவோட பழைய டைரக்டர்."

தங்கையின் முகத்தில் ஊருக்கே மின்தடை வந்ததுபோல் இருந்தது. டிக்கெட் பரிசோதகர் பேனாவின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார். பல் முழுக்கத் தெரியாமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

கிழவர் கட்டிலருகே போனார். முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையின் மேலிருந்த கைகளைத்தான் பார்த்தார், வெகுநேரம். ஓட்டுநர் நாற்காலி இழுத்துப் போட்டார்; அவர் உட்காரவில்லை.

தங்கைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஏமாற்றம் அவளுக்கு எப்போதும் பேச்சாகத்தான் வெளியே வரும். "படம்னா தெரியாதா உங்களுக்கு? உங்க ஆராய்ச்சி நிலையத்துல வந்துதானே பாட்டில் வாங்கிட்டுப் போனாங்க. 'ஏழாம் எண்'. அதுல வர்ற கை முழுக்க எங்க அண்ணன் கை சார். உங்ககிட்ட வேலை பார்த்தவர் எவ்வளவு பெரிய ஆளுன்னு உங்களுக்கே தெரியலை!"

'ஏழாம் எண்' என்ற சொல்லைக் கேட்டதும் கிழவர் திரும்பினார்.

"அந்தப் படத்துலயா?" என்றார். "அதுல இவரா?"

"ஏன், பார்க்கலையா?"

"இல்லைம்மா. அது என் கதைன்னு எல்லாரும் சொன்னாங்க. அதனாலயே பார்க்கலை." கொஞ்ச நேரம் வாக்கரின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "இங்க இருக்கா அது? பார்க்க முடியுமா?"

எல்லாரும் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தார்கள். அண்ணி கிழவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் கணக்கில் என்ன கூட்டிக் கழித்தாளோ, "போடு," என்றாள் மகளிடம். "அவர் பார்க்கட்டும்."

மகள் படத்தை ஓட்டி ஓட்டி அந்த இடத்துக்குக் கொண்டுவந்தாள். அதிகாலை நேரத்து ஆய்வுக்கூடம். நடிகரின் முகம்: வலது கண்ணில் மட்டும் கண்ணீர். மேஜையில் பதிவேடு. காட்சி மாறியது. இப்போது கை மட்டும். நீள விரல்கள், ஒட்ட வெட்டிய நகங்கள், பேனாவைக் குழாயைப்போல் நிமிர்த்திப் பிடிக்கும் அந்தப் பிடி. ஏழு என்ற எண்ணுக்கு எதிரே 107 என்று இருந்தது. கை அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டது. பக்கத்தில் 102 என்று எழுதியது. இன்னும் ஏதோ இரண்டு மூன்று சொல் எழுதி முடித்துப் போய்விட்டது. எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு விநாடி. திரும்ப நடிகரின் முகம்.

"நிறுத்து, நிறுத்து!" என்றார் டிக்கெட் பரிசோதகர்.

"என்ன சார், இப்பவும் நம்பிக்கை வரலையா?"

"அது இல்லைம்மா. இது தப்பு. படமே தப்பு." அவர் எழுந்து நின்றுவிட்டார், தொழில் ரத்தத்தில் ஏறிவிட்டது. "இவன் திருட்டுத்தனமா நம்பரை மாத்துறான், சரிதானே? நாற்பது வருஷத்துல எத்தனை டிக்கெட்டைப் பார்த்திருப்பேன்! தேதியைத் திருத்துறவன் பிளேடால சுரண்டுவான். எச்சில் தொட்டு அழிப்பான். ஒண்ணை ஏழாக்குவான், ஏழை ஒம்போதாக்குவான். எந்தத் திருடனாவது பழைய நம்பர் பளிச்சுன்னு தெரியற மாதிரி ஒத்தைக் கோடு போடுவானா? போட்டுட்டுப் பக்கத்துல கையெழுத்தும் போடுவானா?"

"கையெழுத்தா? எங்க?"

"அந்தா, பாரு!"

மகள் படத்தைப் பின்னால் ஓட்டி, கை விலகிய அந்தக் கணத்தில் நிறுத்தினாள். பரிசோதகர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றார். 102-க்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுழி, அதன் அடியில் ஒரு புள்ளி, தேதி.

"இது அப்பா," என்றாள் மகள். "சுழி போட்டு, கீழ ஒரு சொட்டு. என் ரிப்போர்ட் கார்டு பூரா இதுதான்."

தங்கை வாயைத் திறந்தாள். 'போட்டிருக்கே' என்று ஆஸ்பத்திரியில் கண் சிமிட்டியது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

"அதுக்கு அடுத்த கட்டத்துல என்ன எழுதியிருக்கு?" என்று கிழவர் கேட்டார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே. அதுல."

பரிசோதகர் பூதக்கண்ணாடியை நகர்த்தி, எழுத்துக் கூட்டிப் படித்தார். "இயக்குநர்... சொன்னபடி."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு மகளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். "படத்து டைரக்டர், நூத்தியேழை நூத்திரெண்டு ஆக்குங்கன்னு சொல்லியிருக்கார். இவர் காரணத்தை அப்படியே எழுதி வச்சுட்டார்! பார்க்கிறவங்க எல்லாம் கதையில வர்ற ஆராய்ச்சி நிலையத்து இயக்குநர்னு நினைச்சிருப்பாங்க!"

"ஒன்பது பேர்," என்றாள் அண்ணி. "அதுல ஒருத்தர் தூக்கம்."

கிழவர் இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, நாற்காலி அவரைப் பிடித்துக்கொண்டது.

"இதுக்கு முன்னாடி ஒரு தடவை எழுதியிருக்கார்," என்றார். "இதே மூணு விஷயம். கோடு, கையெழுத்து, காரணம். என் பதிவேட்டுல."

அவர் தரையைப் பார்த்துத்தான் பேசினார். "காய்ச்சலுக்கு ஒரு மருந்து கண்டுபிடிச்சேன். பன்னெண்டு ஆட்டுக்குப் போட்டோம். பதினொண்ணு நல்லா இருந்துச்சு. ஏழாவது ஆட்டுக்குக் காலையில நூத்தியேழு டிகிரி. மத்தியானம் போயிடுச்சு. வெளிநாட்டுல இன்னொருத்தர் அதே மருந்தை நெருங்கிட்டார்னு சேதி வந்திருந்தது. எனக்கு நாள் இல்லை. சொட்டுகிட்ட சொன்னேன்... சொட்டுன்னுதான் கூப்பிடுவேன்... பிளேடால சுரண்டிட்டு நூத்திரெண்டுன்னு எழுது, ஆடு இடறி விழுந்து செத்துச்சுன்னு வச்சுக்கலாம்னு."

"அண்ணன் மாட்டேன்னு சொல்லியிருப்பார்," என்றாள் தங்கை.

"இல்லைம்மா. சரி சார்னு சொன்னார். உடனே உட்கார்ந்து எழுதினார். நான் பதிவேட்டைத் திறந்துகூடப் பார்க்காம மேல அனுப்பிட்டேன். சொட்டு எழுதினதை யாரு திறந்து பார்ப்பாங்க? அவ்வளவு நம்பிக்கை." மூச்சு வாங்கினார். "சரிபார்க்கிற குழு திறந்து பார்த்துச்சு. நூத்தியேழு மேல ஒத்தைக் கோடு. நூத்திரெண்டு. சுழி, சொட்டு, தேதி. காரணம்: இயக்குநர் சொன்னபடி. அன்னிக்கே மருந்தை நிறுத்திட்டாங்க. அடுத்த மாசம் அது குழந்தைங்க வார்டுக்குப் போறதா இருந்துச்சு."

வாசலில் நின்றிருந்த ஆஸ்பத்திரி ஊழியர்கூட உள்ளே ஒரு அடி எடுத்து வைத்திருந்தார்.

"உங்களை என்ன பண்ணினாங்க?" என்றார் பரிசோதகர்.

"என்னையா? ஒண்ணும் பண்ணலை. பெரிய ஆளாச்சே. கண்டிச்சு விட்டுட்டாங்க. எனக்குத்தான் பொறுக்கலை. கைக்கு வந்த பரிசு போச்சுன்னு சொட்டுவைப் பாட்டில் கழுவுற இடத்துக்குத் தூக்கிப் போட்டேன். நான் ஓய்வு பெற்றுப் போறவரைக்கும், பதினொரு வருஷம்."

தங்கைக்குத் தலைக்குள் ஏதோ ஒரு இணைப்பு தவறான இடத்திலிருந்து பிடுங்கப்பட்டுச் சரியான துளையில் செருகப்பட்டது. பதினொரு வருஷம்! அந்தப் பதினொரு வருஷமும் அவள் ஊரெல்லாம் சொன்னது என்ன? எங்கள் அண்ணனுக்குப் பதவி உயர்வு, கண்ணாடிப் பிரிவுக்கே அவர்தான் தலைவர், அவருக்குக் கீழே ஆயிரம் பேர். பொய்யில்லை, அண்ணனே சொன்னதுதான். "எனக்குக் கீழ ஆயிரம் பேர், எக்ஸ்சேஞ்ச். ஒருத்தரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. நான் போனாப் போதும், வரிசையாத் தலைகீழா நிப்பாங்க." அவள் வாயைப் பிளந்து கேட்டாள். அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். கழுவிக் காயவைத்த பாட்டில்கள்!

"உங்களுக்குத் தெரியுமா?" என்று அண்ணியிடம் திரும்பினாள்.

"தெரியாம? பதினொரு வருஷம் அந்தக் கைக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டது யாரு? கழுவுற அமிலத்துல தோல் தோலா உரிஞ்சுது. சினிமாக்காரங்க பவுடர் பூசித்தான் எடுத்தாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"உங்கிட்ட சொன்னா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா டைரக்டருக்கு அவமானம். பெரிய படிப்பு படிச்ச மனுஷர், ஒரு தடவை தப்புப் பண்ணிட்டார், விடுன்னார்." அண்ணி சேலை நுனியைச் சரிசெய்துகொண்டாள். "அவர் உன்னைவிடப் பெரிய கில்லாடி. நீ வாயால பண்ணுவே. அவர் வாயை மூடிக்கிட்டே பண்ணுவார்."

கிழவர் நிமிரவில்லை. "ஒரே ஒரு நாள் கழுவுற இடத்துக்குப் போனேன். 'ஏன்டா அப்படி எழுதினே?'ன்னு கேட்டேன். 'காரணம் எழுதாம எதையும் திருத்தக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க'ன்னார். கிண்டல் பண்றாரான்னு முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியலை."

"கிண்டல்தான்," என்றாள் மகள்.

"இல்லை, நிஜமாத்தான் சொல்லியிருப்பார்," என்றாள் அண்ணி.

டிவியில் அந்தக் கை பதிவேட்டின் விளிம்பில் அப்படியே நின்றிருந்தது. டிக்கெட் பரிசோதகர் அதைப் பார்த்தார். போர்வையின் மேலிருந்த கையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி இரண்டையும் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியைப் பையில் போட்டு, நாற்பது வருஷம் ரயில் பெட்டிகளில் சொன்ன அதே குரலில், ஆனால் யாரிடமும் சொல்லாத மரியாதையோடு சொன்னார்:

"செல்லும்."

தங்கை எதிர்பார்த்துக் காத்திருந்த சொல் அது. இருபது வருஷம் காத்திருந்தாள். வந்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. வழக்கமாக எது கிடைத்தாலும் அதை நாலால் பெருக்கி, மேலே கொஞ்சம் தூவித்தான் அடுத்தவருக்குக் கொடுப்பாள். இதை எதால் பெருக்குவது? படியிறங்கிப் போய் முதல் மாடியில் என்ன சொல்வது? எப்படிச் சொன்னாலும் குறைந்துதான் போகும் என்று தோன்றியது. அவள் வாழ்க்கையில் இப்படி ஒரு சங்கடம் வந்ததே இல்லை.

"படம் ஆறு நாள்தான் ஓடிச்சு சார்," என்றாள் கிழவரிடம். ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வண்டி வந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடியும் தூக்கித்தான் இறக்க வேண்டும். பரிசோதகர் முன்னால் இறங்கி, "ஒதுங்குங்க, ஒதுங்குங்க, வழியில நிக்காதீங்க!" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஆட்களை விலக்கினார். பெரிய மனிதர்கள் பயணம் செய்யும் பெட்டிக்குக்கூட அவர் அப்படிக் குரல் கொடுத்திருக்க மாட்டார். ஒரு இடத்திலும் சுவரில் இடிக்காமல் இறக்கினார்கள். பின்னால், வெகு பின்னால், டக், டக் என்று வாக்கர் இறங்கி வந்தது.

வண்டிக்குள் இரு பக்கமும் நீளப் பெஞ்சுகள், நடுவில் சொட்டு. அண்ணியும் மகளும் ஏறினார்கள். பரிசோதகர் ஏறினார். தங்கை படியில் கால் வைத்தபோது, கிழவர் தெருவோரத்தில் நிற்பதைப் பார்த்தாள். அவருடைய கார் எதிர்ப்புறம் கதவு திறந்து நின்றிருந்தது. அவர் காரைப் பார்க்கவில்லை.

"நானும் வரலாமா?" என்றார்.

அண்ணி மறுபக்கம் திரும்பியிருந்தாள். இதை நீ தீர்த்துக்கொள் என்று விட்டுவிட்டது முதுகிலேயே தெரிந்தது. தங்கை கிழவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பதினொரு வருஷத்துக்கான வசவுகள் வரிசையாக வந்து அவள் நாக்கு நுனியில் நின்றன. எல்லாம் முதல்தரமான வசவுகள்.

"ஏறுங்க சார்," என்றாள். "தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க."

ஓட்டுநர் தூக்கிவிட, அவர் அவளுக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். வாக்கரை மடித்துக் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார். கதவு மூடியது. வண்டி புறப்பட்டது. முதல் திருப்பத்திலேயே வாக்கர் அவர் பிடியிலிருந்து நழுவி, நடுவில் இருந்தவர் பக்கமாகச் சரிந்தது. கிழவர் பதறிப் பிடித்தார். அடுத்த குலுக்கலில் மறுபடி நழுவியது.

தங்கை செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி, வாக்கரின் அடிக்கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெரு போனது, பள்ளிக்கூடம் போனது, பாலம் வந்தது. பாலத்தின் இறக்கத்தில் கால் மரத்துப்போயிற்று. அவள் எடுக்கவில்லை.